கட்டியவரும் கட்டிவிட்டவரும்
தற்காப்புக் கலைகளில் மூத்த பட்டைகளின் பொருள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம். மேடையில் பேசியவற்றில் கூறியது கூறலையும் சில கிளைப்பேச்சுகளையும் நீக்கியிருக்கிறேன்.)



எந்த ஆசிரியரின் நினைவாக இந்தச் சொற்பொழிவு நிகழ்கிறதோ, அவரை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவரிடம் பயின்றவர்கள் நான்கு பேர் முன்வரிசையில் இருக்கிறார்கள். அரங்கத்துக்குள் நுழைந்ததும் அவர்கள் என்னிடம் சொன்னதெல்லாம் அவர் என்ன சாதித்தார் என்பதல்ல. "எங்களை அவர் இப்படிச் செய்துவிட்டார்" என்பதுதான். என் பேச்சும் அந்த இடத்தை நோக்கியே போகிறது என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் வரலாறு படித்தவன். 19 வயதில் ஜூடோ பழகத் தொடங்கியவன். ஜூடோ பழகுகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் வரும் முதல் கேள்வி, "என்ன பெல்ட்?" கறுப்புப் பட்டை என்றால் அடுத்த கேள்வி, "எத்தனாவது டான்?" கேட்பவர் மனத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. முதல் டானைவிட ஐந்தாம் டான் ஐந்து மடங்கு பலசாலி, பத்தாம் டான் பத்து மடங்கு என்ற கணக்கு. ஜூடோவின் தலைமையிடமான கோடோகனில் பத்தாம் டான் பெற்றவர்கள் ஏறக்குறைய எல்லாருமே முதுமையில் அதைப் பெற்றவர்கள். சிலர் இறந்த பிறகு பெற்றவர்கள். பலத்தின் அளவு என்று கொண்டால் இது பொருளற்ற வழக்கம். அப்படியென்றால் மூத்த பட்டை எதை அளக்கிறது?

என் கருத்தை ஒரே வாக்கியத்தில் வைத்துவிடுகிறேன். கீழ்ப்படிகளில் பட்டை, அதைக் கட்டியிருப்பவரைப் பற்றிப் பேசுகிறது. மேலே போகப் போக, அதைக் கட்டிவிட்டவர்களைப் பற்றிப் பேசுகிறது. இதை ஆறு குறிப்புகளாக விரிக்கிறேன். கோடோகனையே பெரும்பாலும் எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். டான் முறை சண்டைக் கலைக்குள் நுழைந்த வாசல் அதுதான்.

1

டான் என்ற ஜப்பானியச் சொல்லுக்குப் படி என்று பொருள். வீட்டுப் படிக்கட்டில் இருக்கும் அதே படி. இந்தச் சொல் போர்க்களத்திலிருந்து வரவில்லை. 'கோ' என்ற பலகை ஆட்டத்திலிருந்து வந்தது. நெடுக்கே 19 கோடும் குறுக்கே 19 கோடும் போட்ட பலகையில் கறுப்பு வெள்ளைக் கற்களை வைத்து ஆடும் ஆட்டம். 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹொனின்போ தோசகு என்ற பெரும் ஆட்டக்காரர் அதற்கு ஒன்பது படி முறையை வகுத்தார் என்பது மரபு.

படி எதற்குத் தேவைப்பட்டது? தேர்ந்தவரும் புதியவரும் ஒரே பலகையில் அமர்ந்தால் ஆட்டம் சப்பென்று முடிந்துவிடும், இருவருக்கும் பயனில்லை. ஆகவே படியில் தாழ்ந்தவர் சில கற்களை முன்கூட்டியே பலகையில் வைத்துக்கொண்டு தொடங்கலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். எத்தனை கல் என்பதை இருவருக்கும் இடையிலுள்ள படி வேறுபாடு சொல்லிவிடும். ஆக, டான் என்பது பிறக்கும்போதே இரண்டு பேருக்கு நடுவில் பிறந்த சொல். பலகையில் எதிரே ஒருவர் அமராதவரை ஒன்பதாம் படிக்குப் பொருளே இல்லை. மூத்தவர் தம் மேன்மையைக் காட்டிக்கொள்வதற்காக அது ஏற்படவில்லை. இளையவர் எத்தனை கல் வைத்துக்கொள்ளலாம் என்று அறிவதற்காக ஏற்பட்டது. இந்தக் குறிப்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

2

ஜிகோரோ கானோ 1860இல் பிறந்தவர். இளமையில் மெலிந்த உடல். பழைய ஜுஜுத்சு மரபுகள் இரண்டில், தென்ஜின் ஷின்யோ, கிட்டோ என்ற இரண்டில், பயின்றார். 1882இல் தோக்கியோவில் எய்ஷோஜி என்ற புத்தர் கோயிலில் 12 பாய் விரித்த அறையில் ஒன்பது மாணவர்களோடு கோடோகனைத் தொடங்கினார். வீழ்த்தும் அதிர்ச்சியில் கோயிலின் நினைவுப் பலகைகள் சரிந்து விழுந்தன என்று படிக்கிறோம். அப்போது அவருக்கு வயது 21.

பழைய மரபுகளில் தேர்ச்சிக்கு அடையாளம் சுருள் ஏடு. கிரிகாமி, மொகுரோகு, மென்க்யோ என்று போய், அனைத்தும் கற்றாயிற்று என்பதற்கு மென்க்யோ கைதன். ஓர் ஏட்டுக்கும் அடுத்த ஏட்டுக்கும் நடுவில் ஆண்டுகள் ஓடும். ஏடு பெட்டிக்குள் இருக்கும்; உள்ளே எழுதியிருப்பது மறைபொருள். கானோ தொழிலால் பள்ளி ஆசிரியர். பின்னாளில் தோக்கியோ உயர்நிலை ஆசிரியர் பள்ளியின் தலைவராக நீண்ட காலம் இருந்தவர். ஏடுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி நீண்டால் பிள்ளைகளுக்கு ஊக்கம் போய்விடும் என்று அறிந்தவர். கோ ஆட்டத்தின் படிகளை எடுத்து ஜூடோவுக்கு வைத்தார். 1883இல் முதல் படியை இருவருக்கு வழங்கினார்: தொமித்தா ட்சுனெஜிரோ, சைகோ ஷிரோ. இருவரும் இளைஞர்கள்.

அந்த முதல் படிக்குப் பெயர் ஷோடான். 'ஷோ' என்றால் தொடக்கம். கறுப்புப் பட்டை கட்டியவர் கற்று முடித்தவர் என்று நாம் நினைக்கிறோம். ஜப்பானியச் சொல்லோ, இவர் இப்போதுதான் தொடங்கியிருக்கிறார் என்கிறது. இது நமக்கு விளங்காத செய்தி அல்ல. அரங்கேற்றம் என்ற சொல்லைப் பாருங்கள். அரங்கில் ஏறுதல், அவ்வளவுதான். ஏறிய பிறகுதான் ஆட்டம். ஆனால் அரங்கேற்றத்தோடு சலங்கையைக் கழற்றி வைக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்பது நடன ஆசிரியர்களுக்குத் தெரியும். கறுப்புப் பட்டையோடு நின்றுவிடும் பிள்ளைகளின் கதையும் அதுவே.

தொமித்தாவுக்கும் சைகோவுக்கும் அன்று கறுப்புப் பட்டை கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். படி முதலில் வந்தது; சில ஆண்டுகள் கழித்து, 1880களின் நடுவில்தான், டான் பெற்றவர்கள் இடுப்பில் கறுப்புப் பட்டை கட்டும் வழக்கம் வந்தது. வெள்ளைப் பட்டையைத் துவைக்காமலே கட்டிவந்தார்கள், வியர்வையும் மண்ணும் ஏறி அது கறுத்தது, அதுவே கறுப்புப் பட்டை என்று ஒரு கதை எல்லாப் பயிற்சிக்கூடங்களிலும் உலவுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, உண்மையில்லை. கறுப்பு, கொடுக்கப்பட்ட நிறம்.

உண்மையில் நடப்பது இதற்கு நேர்மாறு. என் மாஸ்டரின் பட்டையை நான் பல ஆண்டுகள் கண்ணெதிரே பார்த்திருக்கிறேன். உள்ளே தடித்த வெள்ளைப் பருத்தி, மேலே கறுப்புத் துணி, நீளவாக்கில் நெருக்கமாக எட்டு பத்து வரித் தையல். முடிச்சு விழும் இடத்தில்தான் துணி முதலில் நையும். பிறகு இடுப்பெலும்பு உரசும் இரண்டு பக்கமும். நூல் நூலாகக் கறுப்பு உதிர்ந்து, தையல் வரிகளுக்கு நடுவில் வெள்ளை எட்டிப் பார்க்கும். அவர் பட்டையில் முடிச்சைச் சுற்றி ஒரு சாண் அளவுக்குக் கறுப்பே இல்லை. புதுப் பட்டை வாங்கித் தருகிறோம் என்று நாங்கள் காசு சேர்த்துப் போய்க் கேட்டபோது வேண்டாம் என்றுவிட்டார். அதைக் கட்டிவிட்டவர் இறந்துபோய்விட்டார் என்பது மட்டுமே அவர் சொன்ன காரணம்.

கானோ தம் பெயருக்கு முன்னால் எந்த டானையும் வைத்துக்கொள்ளவில்லை. 1909இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் முதல் ஆசிய உறுப்பினர் ஆனவர். 1938இல் அந்தக் குழுவின் கெய்ரோ கூட்டத்திலிருந்து திரும்பும் வழியில் ஹிகாவா மாரு கப்பலில் உயிர் நீத்தவர். உலகம் அவருக்குப் பல மரியாதைகள் செய்தது. ஆனால் ஜூடோவில் அவர் படிகளுக்கு வெளியே நின்றார். இதைப் பணிவு என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு இது பணிவைவிடப் பெரியதாகத் தெரிகிறது. படி என்பது இன்னொருவர் கையால் வருவது. கலையைத் தொடங்கியவருக்கு அதைக் கட்டிவிட ஆள் இல்லை. தாமே கட்டிக்கொண்டால் அது வெறும் துணி. தாம் வகுத்த முறையை அவர் அவ்வளவு உண்மையாக நம்பினார். அதே கானோ, பத்தாம் டானோடு படிகள் முடிந்துவிடவில்லை, தகுதியுள்ளவர் வந்தால் பதினொன்றாம் டான் கொடுக்கத் தடை ஏதுமில்லை என்றும் எழுதினார். தமக்கு ஒன்றும் இல்லை. வருகிறவர்களுக்கு எல்லை இல்லை.

3

இனி மூத்த பட்டைகள். கோடோகன் வழக்கத்தில் ஆறாம் டான் முதல் எட்டாம் டான் வரை சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் பட்டை. ஒன்பதும் பத்தும் முழுச் சிவப்பு. ஜப்பானியர்க்குச் சிவப்பும் வெள்ளையும் எதிரெதிர் அணிகளின் நிறம். 12ஆம் நூற்றாண்டுப் பெரும்போரில் தைரா குலத்தின் கொடி சிவப்பு, மினமோத்தோ குலத்தின் கொடி வெள்ளை. கோடோகனிலும் மாணவர்களைச் சிவப்பு அணி, வெள்ளை அணி என்று பிரித்து மோதவிடும் போட்டி தொடக்க காலத்திலிருந்தே உண்டு. எதிரெதிரே நின்ற இரண்டு நிறங்களையும் சேர்த்து ஒரே பட்டையாகத் தைத்து மூத்தவர் இடுப்பில் கட்டுகிறார்கள். இவர் இனி எந்த அணிக்கும் உரியவர் இல்லை என்று நான் அதைப் படிக்கிறேன். இது என் வாசிப்புதான். கோடோகன் இப்படி விளக்கம் கொடுத்ததாகச் சொல்லமாட்டேன்.

இந்தப் பட்டைகள் விழா நாளுக்கானவை. அன்றாடப் பயிற்சியில் ஒன்பதாம் டான்காரரும் கறுப்புப் பட்டையே கட்டிக்கொண்டு வரலாம். பலர் அப்படித்தான் வருகிறார்கள்.

முதல் சில டான்களில் மோதிப் பார்க்கிறார்கள். யாரை வீழ்த்தினாய், எத்தனை பேரை வீழ்த்தினாய் என்பது கணக்கில் வரும். மேலே போகப் போக மோதல் குறைந்து கட்டா வருகிறது. கட்டாவில் வெற்றி தோல்வி இல்லை. ஒருவர் வீழ்த்துவார், மற்றவர் விழுவார், இருவரும் சேர்ந்து ஒன்றைக் காட்டவேண்டும். இன்னும் மேலே போனால் எத்தனை ஆண்டு கற்பித்தார், யாரை உருவாக்கினார், கலைக்கு என்ன செய்தார் என்று பார்க்கிறார்கள். இந்தக் கேள்விகளுக்கு விடை அவர் உடம்பில் இல்லை. பிறர் உடம்பிலும் பிறர் நினைவிலும் இருக்கிறது.

கோடோகன் பத்தாம் டான் கொடுத்தது 15 பேருக்கு. முதலாமவர் யாமாஷித்தா, 1935இல் அவர் மறைந்தபோது கொடுத்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கா சென்று, 1904இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கு வெள்ளை மாளிகையில் ஜூடோ கற்பித்தவர் அவர். 1945இல் பெற்றவர் மிஃபுனே க்யூஸோ. குள்ளமான, எடை குறைந்த உடல். 1955இல் எடுத்த படத்தில், எழுபதைக் கடந்த அவரைப் பெரிய உருவமுள்ள மாணவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து பற்றுகிறார்கள். அவர் காலை நகர்த்தும் இடத்தில் அவர்கள் சமநிலை தவறிப்போகிறது. பத்தாம் டான் என்றதும் நம் மனத்தில் வரும் உருவத்துக்கு அவர் பொருந்துவார்.

ஆனால் 1969இல் மறைந்த பிறகு பத்தாம் டான் பெற்ற ஷோரிகி மட்சுதாரோ அதற்குப் பொருந்தமாட்டார். அவர் யோமியுரி நாளிதழின் அதிபர், ஜப்பானில் தொழில்முறை பேஸ்பாலையும் தனியார் தொலைக்காட்சியையும் வளர்த்தவர், தோக்கியோவில் புடோகன் அரங்கம் எழுந்தபோது அதன் முதல் தலைவர். ஜூடோ பழகியவர்தான், ஆனால் அந்தச் சிவப்புப் பட்டை அவருடைய வீழ்த்து முறைகளுக்காக வந்ததல்ல. இது சரியா தவறா என்று ஜூடோக்காரர்கள் வாதிடுவதுண்டு. எனக்கு அந்த முடிவில் முழு நிறைவு இல்லை. ஆனால் ஒன்று தெளிவாகிறது. மிஃபுனேக்குக் கொடுத்ததிலிருந்து 1945இல் கோடோகன் எதை மதித்தது என்று அறிகிறோம். ஷோரிகிக்குக் கொடுத்ததிலிருந்து 1969இல் எதற்கு நன்றி சொல்ல விரும்பியது என்று அறிகிறோம். பட்டை, கொடுத்த கையின் கைரேகை.

அடுத்து, கொடுக்காமல் இருந்த காலம். 1984இல் கொத்தானி சுமியுகி பெற்ற பிறகு 22 ஆண்டுகள் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. 2006 ஜனவரி 8, புத்தாண்டு விழாவில் தைகோ தோஷிரோ, அபே இச்சிரோ, ஓசாவா யோஷிமி மூவருக்கும் ஒருசேரக் கொடுத்தார்கள். தைகோ வீழ்த்து முறைகளை விரிவாக ஆராய்ந்து நூல் எழுதியவர். அபே 1950களில் பிரான்சுக்கும் பெல்ஜியத்துக்கும் போய் ஐரோப்பியரை வளர்த்தவர். அதே நாளில் இன்னொரு பெயரும் வாசிக்கப்பட்டது. அந்தப் பெயருக்குத் தனியே நேரம் கொடுக்க வேண்டும்.

4

ஃபுகுதா கேய்கோ 1913இல் தோக்கியோவில் பிறந்தார். ஐந்தடிக்கும் குறைவான உயரம். கானோவின் முதல் ஜுஜுத்சு ஆசான் ஃபுகுதா ஹாச்சினோசுகேயின் பேத்தி. தம் ஆசானின் பேத்தி என்பதால் கானோவே அழைத்துச் சேர்த்துக்கொண்டார். 1935இல் கோடோகனின் பெண்கள் பிரிவில் நுழைந்த அவர், திருமணத்தை வேண்டாம் என்று வைத்துவிட்டு ஜூடோவோடு வாழ்ந்தார்.

1953இல் ஐந்தாம் டான் பெற்றார். அதற்குமேல் பெண்களுக்குப் படி கிடையாது என்பது கோடோகன் விதி. கற்றார், கற்பித்தார், நாடு நாடாகப் போனார். படி மட்டும் அங்கேயே நின்றது. 1964இல் தோக்கியோவில் ஜூடோ முதல்முறையாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றபோது, நோரிதோமி மசாகோ என்ற மற்றொரு பெண்மணியோடு சேர்ந்து ஜூ நோ கட்டாவை அரங்கில் நிகழ்த்திக் காட்டினார். போட்டியில் பெண்களுக்கு இடம் இல்லை. கலையின் நயத்தைக் காட்டப் பெண்கள் வேண்டியிருந்தார்கள். 1966இல் அமெரிக்காவில் குடியேறி சான்பிரான்சிஸ்கோவில் பெண்களுக்கென்று பயிற்சிக்கூடம் நடத்தினார்.

1972இல் கோடோகனுக்கு முறையீட்டுக் கடிதங்கள் போயின. அதன் பிறகே விதி தளர்ந்தது. ஃபுகுதாவும் நோரிதோமியும் ஆறாம் டான் பெற்ற முதல் பெண்களானார்கள். 1953க்கும் 1972க்கும் நடுவில் 19 ஆண்டுகள். 40 வயதில் தொடங்கி 59 வயதில் முடிகிற 19 ஆண்டுகள். ஓர் ஆசிரியர் கனிந்து நிற்கும் காலம்.

இந்த 19 ஆண்டுகளும் அவர் இடுப்பிலிருந்த பட்டை என்ன சொல்லிற்று? அவருடைய திறமையைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்லவில்லை. கோடோகனைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ஜப்பானில் பெண்கள் கட்டிய கறுப்புப் பட்டையின் நடுவில் நீளவாக்கில் ஒரு வெள்ளைக் கோடு ஓடும். இவர் டான் பெற்றவர், ஆனால் பெண் என்று தொலைவிலிருந்தே தெரிவதற்கான கோடு. அந்தக் கோட்டை அவர் நெய்யவில்லை. என் கருத்துக்கு இதைவிடத் துல்லியமான சான்று எனக்குக் கிடைக்கவில்லை. இந்தச் சான்று எனக்கு மகிழ்ச்சி தருவதும் இல்லை.

2006 ஜனவரி 8 அன்று வாசிக்கப்பட்ட அந்தப் பெயர் அவருடையது. 92 வயதில் ஒன்பதாம் டான். கோடோகனில் எந்தப் பெண்ணும் அதற்குமுன் தொடாத படி. அன்று கோடோகன் தன்னைத்தானே ஓரளவு திருத்திக்கொண்டது. ஓரளவு என்று ஏன் சொல்கிறேன் என்றால், அதே மேடையில் மூன்று ஆண்களுக்குக் கிடைத்தது பத்தாம் டான். 2011இல், 98 வயதில், அமெரிக்க ஜூடோ அமைப்பு அவருக்குப் பத்தாம் டான் கொடுத்தது. கோடோகனின் 15 பேர் பட்டியலில் பெண் பெயர் இல்லை. 2013 பிப்ரவரி 9ஆம் நாள் காலமானார். கடைசிவரை வாரத்தில் மூன்று நாள் பயிற்சிக்கூடத்துக்கு வந்து, நிற்க முடியாதபோதும் நாற்காலியில் அமர்ந்தபடியே, பிடி நழுவும் இடத்தைச் சொல்லித் திருத்திக்கொண்டிருந்தார்.

ஆறாம் டானுக்குத் தகுதி அவருக்கு 1972இல் வந்ததா? யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். தகுதி எப்போதோ இருந்தது. 1972இல் தகுதி வந்தது கொடுத்தவர்களுக்கு.

5

கொடுப்பவர் தம்மைக் கட்டுப்படுத்திக்கொண்டதற்கும் ஓர் எடுத்துக்காட்டு வேண்டும். அது கெண்டோ என்ற வாள் கலையில் இருக்கிறது.

கெண்டோவில் தரத்தைக் காட்டப் பட்டை இல்லை, நிறம் இல்லை. முதல் படிக்காரரும் எட்டாம் படிக்காரரும் ஒரே மாதிரி உடுத்தி, ஒரே மாதிரி முகக்காப்பு அணிந்து நிற்கிறார்கள். ஒருவருக்கு எதிரே மூங்கில் வாளோடு நின்று பார்த்தால்தான் அவர் தரம் தெரியும். எட்டாம் டான் தேர்வுக்கு நிற்க 46 வயது ஆகியிருக்க வேண்டும். ஏழாம் டான் பெற்றுப் பத்து ஆண்டு கடந்திருக்க வேண்டும். கியோத்தோவிலும் தோக்கியோவிலும் நடக்கும் அந்தத் தேர்வில் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில்தான் தேறுகிறார்கள். சில நிமிட மோதல்தான். வென்றவரைத் தேறாமல் விடுவதும் உண்டு. அடித்தாயா என்று பார்ப்பதில்லை. எப்படி நின்றாய், எப்போது அடித்தாய் என்று பார்க்கிறார்கள். அறுபது, எழுபது வயதிலும் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறார்கள்.

2000இல் அனைத்து ஜப்பான் கெண்டோ கூட்டமைப்பு ஒன்பதாம் டானையும் பத்தாம் டானையும் இனி வழங்குவதில்லை என்று நீக்கிவிட்டது. எட்டே உச்சி. தேர்வு வைத்துச் சோதிக்க முடிந்த கடைசிப் படி அது. அதற்குமேல் கொடுப்பதெல்லாம் கொடுப்பவரின் மதிப்பீடு மட்டுமே என்ற நிலையில், அந்த அதிகாரத்தைத் தாமே கைவிட்டார்கள். பட்டம் கொடுக்கும் அமைப்புகள் பட்டத்தைக் கூட்டிக்கொண்டு போவதைத்தான் பார்த்திருக்கிறோம். குறைத்துக்கொண்ட அமைப்பு இது. எனக்கு இதன்மேல் பெரிய மதிப்பு உண்டு.

6

கடைசியாக நம் ஊர். இங்கே பலரும் பழகும் கராத்தேக்கு டான் முறை வந்தது 1924இல். ஓக்கினாவாவிலிருந்து வந்த ஃபுனகோஷி கிச்சின், கானோவின் முறையைப் பின்பற்றித் தம் மாணவர் எழுவருக்கு முதன்முதலாக வழங்கினார். 1946இல், ஜப்பானின் எல்லாப் போர்க் கலைகளையும் ஒரே குடைக்குள் வைத்திருந்த புத்தோகுகாய் கலைக்கப்பட்ட பிறகு, பல மரபுகள் தத்தம் வழியில் படி வழங்கத் தொடங்கின. ஓர் அமைப்பு பலவாகப் பிரிந்தால் ஒவ்வொன்றின் தலைவருக்கும் ஓர் உச்சிப் படி வேண்டியிருக்கிறது. நம் நகரங்களில் தெருவுக்குத் தெரு பயிற்சிக்கூடம் இருக்கிறது. பிள்ளைகள் ஓடியாடிப் பழகுவதில் எனக்கு முழு மகிழ்ச்சி. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு நிறம், ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கட்டணம், மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் பத்து வயதுப் பிள்ளைக்குக் கறுப்பு என்று நடக்கும்போது மனம் கசக்கிறது. டேக்வாண்டோவில் கொரியர்கள் 15 வயதுக்கு உட்பட்டவர்க்கு டான் கொடுப்பதில்லை. 'பூம்' என்ற தனிப் படி. சிவப்பும் கறுப்பும் சரிபாதியான பட்டை. பிள்ளையின் உழைப்பையும் மதிக்கிறார்கள், கறுப்பையும் காக்கிறார்கள். இதை நாம் ஏன் பார்த்துச் செய்யக்கூடாது?

இப்போது சிலம்பத்துக்கும் வண்ணப் பட்டை வந்துவிட்டது. நம் ஆசான்களுக்குப் பட்டை இருந்ததில்லை, "யார்கிட்ட படிச்சவன்?" என்று கேட்டு, ஆசான் பெயரைச் சொன்னால் தரம் தெரிந்துவிடும். கானோவின் டான் முறையும் ஆழத்தில் கேட்பது அதே கேள்வியைத்தான்.

என் கதை ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். ஒரு மாவட்டத் தலைநகரில், உமி பரப்பி மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டிய தரையில் நான் ஜூடோ கற்றேன். முதல் டான் தேர்வுக்கு என் பெயரை அனுப்பும்படி மாஸ்டரிடம் கேட்டேன். அந்த வருடம் மாவட்டப் போட்டியில் என் எடைப் பிரிவில் நான்தான் முதல். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இந்த வருஷம் நீ மத்தவங்களுக்கு விழு" என்றார்.

நாகே நோ கட்டா என்பது டான் தேர்வுக்குக் காட்டவேண்டிய முறை. மொத்தம் 15 வீழ்த்து முறைகள். ஒவ்வொன்றும் வலம் ஒருமுறை, இடம் ஒருமுறை. ஆக, விழுபவர் 30 முறை விழவேண்டும். தேர்வு வீழ்த்துபவருக்கு. ஆனால் விழுபவர் அரை நொடி முந்திக் குதித்தாலும், உடம்பை விறைத்துக்கொண்டாலும், வீழ்த்துபவர் தேறமாட்டார். அந்த வருடம் மூன்று பேருக்கு நான் விழுந்தேன். மாலை மாலையாக விழுந்தேன். தோளில் தார்ப்பாயின் தடம் பதிந்து, சட்டை போட்டால் எரியும். ஒவ்வொருவரும் எங்கே தயங்குகிறார், எந்தக் காலில் எடை மாற்றுகிறார் என்று என் உடம்புக்குத் தெரிந்துபோயிற்று. மூவரும் தேறினார்கள். மறுவருடம் மாஸ்டர் கேட்காமலே என் பெயரை அனுப்பினார். என் கட்டாவுக்கு விழுந்தது அந்த மூவரில் ஒருவர். அந்த மூன்று பேரும் இல்லாமல் என் பட்டை இல்லை.

பயிற்சியை முடித்த கையோடு சீருடையிலேயே வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கும் மாஸ்டர்களே, பெற்றோர் நெருக்குவார்கள் என்பதும், பிள்ளை பக்கத்துத் தெருக் கூடத்துக்குப் போய்விடுவான் என்பதும், மாத வாடகை கட்டவேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். என்றாலும் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த தேர்வில், கறுப்புக்கு வந்து நிற்கும் பிள்ளைகளில் இன்னும் பக்குவப்படாத ஒரு பிள்ளையின் அருகில் உட்கார்ந்து, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று நீங்களே சொல்லுங்கள். ஏன் என்பதை அந்தப் பிள்ளைக்கும் தாய் தந்தையருக்கும் விளக்குங்கள். அந்த ஒரு வருடம் அவனைத் தனியே விட்டுவிடாதீர்கள். மற்ற பிள்ளைகளுக்கு விழ வையுங்கள்.